அக்காவுக்குக் கொடுத்த மூன்று சுற்று

எங்கள் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் வார்த்தைக்கு அர்த்தம் தெரியாவிட்டால் செருப்பைக் கழற்றிவிட்டு மைதானத்தைச் சுற்றி வர வேண்டும். ஒரு வார்த்தைக்கு ஒரு சுற்று. திண்டுக்கல் டவுனிலேயே நல்ல பள்ளிக்கூடம் என்று அப்பா பெருமையடித்துக்கொள்வார். அங்கே நான் ஒழுங்காகக் கற்றுக்கொண்டது அந்தத் தண்டனையைத்தான்.

எனக்கு அப்போது பதினொரு வயது. அக்காவுக்குப் பதினெட்டு. பத்தாவதில் இங்கிலீஷில் மட்டும் கோட்டை விட்டுவிட்டு, வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லுக்குப் போய்க்கொண்டிருந்தாள். அந்த ஒரு பேப்பரை எழுதிப் பாஸாகிவிட்டால் நர்ஸ் டிரெய்னிங் சேரலாம், மில்லை விட்டுவிடலாம் என்று ஆசை. வீட்டில் இங்கிலீஷ் மீடியம் நான் ஒருத்திதான். என்னிடம் கேட்டாள்.

என் தலைக்கனத்தைச் சொல்லி மாளாது. எனக்குக் கோடை லீவு. மூன்று மணிக்கு மில் பஸ் அவளை இறக்கிவிடும். தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருக்கும். முகம்கூடக் கழுவ விடாமல் நோட்டோடு வாசலில் உட்கார வைப்பேன். "மேடம்னு சொல்லு" என்பேன். சொல்வாள். தப்பாகச் சொன்னால் வீட்டைச் சுற்றி வர வேண்டும். வெறுங்காலோடுதான்.

எதிர்வீட்டு அத்தை சிரிப்பார். "ஏ புள்ள, இம்புட்டுச் சுத்தைக் கோயில்ல சுத்தியிருந்தா இந்நேரம் மாப்பிள்ளை வந்திருப்பான்!"

ஒரு நாள் பாடம் ரிவால்வ், ரொட்டேட், சரௌண்ட்.

"எல்லாம் சுத்துறதுதானடி? அதுக்கு எதுக்கு இத்தனை வார்த்தை?" என்றாள் அக்கா.

தன்னைத்தானே சுற்றினால் ரொட்டேட், இன்னொன்றைச் சுற்றி வந்தால் ரிவால்வ், நாலு பக்கமும் சூழ்ந்து நின்றால் சரௌண்ட் என்று டீச்சர் குரலில் சொன்னேன். பூமியையும் சூரியனையும் உதாரணம் காட்டினேன். அவள் செத்த நேரம் யோசித்தாள். முகம் மலர்ந்தது.

"அப்ப மில்லுல நூல் சுத்துற கதிரு இருக்குல்ல, அது ரொட்டேட்டு. மிசினைச் சுத்தி நான் வாரது ரிவால்வு. சரியா மேடம்?"

எனக்குச் சுள்ளென்று வந்தது. புத்தகத்தில் இருப்பது பூமி. இவள் மில்லைக் கொண்டுவந்து நுழைக்கிறாள்.

"பாடத்துல மில்லுப் பேச்சுப் பேசக் கூடாது. தப்பு. மூணு சுத்து."

என்னை ஒருமுறை பார்த்தாள். எழுந்து நடந்தாள். சித்திரை வெயிலில் மண் கொதித்தது. மூன்றாவது சுற்றில் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். நடிக்கிறாள் என்று நினைத்தேன். நோட்டில் சிவப்பு மையால் பெருக்கல் குறி போட்டேன்.

மறுநாள் அவள் நோட்டை எடுக்கவில்லை. "உனக்கு வேற வேலை இருக்கும், போ" என்றாள். கோபம்கூட இல்லை. பரீட்சைக்கும் போகவில்லை. அப்பா கேட்டதற்கு, "அவளுக்கு மண்டையில ஏறாதுப்பா" என்று நான்தான் சொன்னேன். அடுப்படியில் அவள் காதில் விழும்படி சொன்னேன். ஆறு வருஷம் அதே மில்லில் இருந்தாள்.

நான் பாடம் எடுத்த அந்த வருஷமே ஆயுத பூஜைக்கு வீட்டு ஆட்களை மில்லுக்குள் விட்டார்கள். அக்கா வேலை பார்க்கும் மிசினுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார்கள். எங்கள் தெருவில் பாதி நீளம் இருக்கும் அது. "இதை ஒரு நாளைக்கு எத்தனை தடவை சுத்துவ?" என்று கேட்டேன்.

"எண்ணுனா கால் வலிக்கும்டி" என்று சிரித்தாள்.

நான் பொரியை மென்றுகொண்டே அதைச் சுற்றி ஓடிப் பார்த்தேன். இரண்டாவது சுற்றில் மூச்சு வாங்கியது. பெரிய மிசின் என்று மட்டும் நினைத்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம் பொரி கேட்டேன்.