திரை நிறையத் தில்லை அண்ணை

துனீசியாவுக்குப் போன மகள் மொனஸ்டிர் கோட்டையிலிருந்து படங்கள் அனுப்பியிருந்தாள். அஜக்ஸ் போகும் ரயிலில் இருந்தபடி போனில் தட்டிக்கொண்டு போனேன். அந்த மஞ்சள் கல்லுச் சுவரைக் கண்டதும் எனக்கு மூக்கில் ஏறியது மீன் கட்லட் வாசம். கோட்டைக்கும் கட்லட்டுக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். இருக்கிறது.

தொண்ணூறுகளில் டோர்செட் பார்க் அப்பார்ட்மென்டில் எங்களுக்கு மேல்மாடியில் தில்லை அண்ணை இருந்தார். அந்தக் கட்டடத்தில் முதன்முதல் கனடியப் பாஸ்போர்ட் எடுத்தவர். கறிவேப்பிலை வாங்கப் போனாலும் அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போகிற மனுசன். பாரிஸில் இருந்த தம்பியிடம் போய், இருவருமாக மலிவுச் சுற்றுலா ஒன்றில் அந்தக் கோட்டையைப் பார்த்துவிட்டு வந்தார். பார்த்தார் என்று சொல்வது மரியாதைக்கு. வந்ததும் எல்லோரையும் கூப்பிட்டு, கட்லட் கொடுத்து, வீடியோ போட்டார்.

ஆயிரம் வருடங்களுக்கும் முன்பு முஸ்லிம் படையினர் கடலைக் காவல் காக்கக் கட்டிய கோட்டை. அவர்கள் தொழுத இடம்கூட உள்ளே உண்டாம். எங்களுக்குக் கிடைத்ததோ வாசலில் தில்லை அண்ணை, படிக்கட்டில் இடுப்பில் கை வைத்தபடி தில்லை அண்ணை, காவல்கோபுர உச்சியில் திரை நிறையத் தில்லை அண்ணை. கறுப்புக் கண்ணாடி வேறு. கமரா பிடித்த தம்பிக்கு அக்கம்பக்கம் திருப்ப அனுமதியில்லை போலும்.

பக்கத்து வீட்டுப் பவளக்கா மட்டும் கட்லட்டைத் தொடவில்லை. ஊரில் அவருடைய வீடு யாழ்ப்பாணக் கோட்டைக்குக் கிட்ட. கோட்டைக்குள் இருந்த இராணுவம் பீரங்கியால் அடித்த செல்லில், முற்றத்தில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நின்ற அவருடைய தங்கை செத்துப்போனாள்.

"அண்ணை, மேல நிண்டு பாத்தா கீழ வீடுகளில ஆக்கள் நிக்கிறது தெரியுமோ?" என்று கேட்டார்.

"உதையெல்லாம் ஆர் பாத்தது? சரியான காத்து. தலைமயிர் குழம்பாமல் நிக்கிறதே பெரும்பாடு."

கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். அன்று அந்த மனுசனில் எனக்கு வந்த அருவருப்பு இன்றைக்கும் போகவில்லை.

பவளக்கா என் பக்கம் திரும்பினார். "கோட்டைக்குள்ள இருந்தவங்களுக்குத் தெரிஞ்சிருக்காது, என்ன? தெரிஞ்சா ஆர் அடிப்பினம்?"

"ஓம் அக்கா. அவ்வளவு உயரத்தில தெரியாது" என்றேன்.

பிறகு அந்த வீடியோக் கசெற்றின் மேலேயே தில்லை அண்ணை தன் மகள் பெரியபிள்ளையான சாமத்தியவீட்டைப் பதிந்தார். கோட்டைக்கு அதனால் ஒரு நட்டமும் இல்லை. கசெற் போட்டுப் பார்க்கும் பெட்டியே இன்று ஒருவர் வீட்டிலும் இல்லை. பவளக்காவும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

என் மகள் அனுப்பிய கடைசிப் படம் கோபுர உச்சியிலிருந்து எடுத்தது. அதில் அவள் இல்லை. கீழே ஒரு வீடு, கொடியில் உடுப்புப் போடுகிற ஒரு பெண். பெரிதாக்கிப் பார்க்கத் தேவையில்லை. அவள் தோளில் கிடக்கும் துவாயின் சிவப்புக்கூடத் தெரிகிறது.

பவளக்கா உயிரோடு இல்லாதது நல்லது என்று முதல்தடவையாக நினைத்தேன்.