ஹுவே அக்கா சொன்ன பதினெட்டு

பர்மிங்காமில் எங்கள் வியட்நாம்காரர் யாருக்கு அரசாங்கக் கடிதம் வந்தாலும் ஹுவே அக்காவைத்தான் தேடுவார்கள். இருபது வருட மொழிபெயர்ப்பாளர். சொன்னதைச் சொன்னபடி சொல்வாள். ஒரு சொல் கூட்டவும் மாட்டாள், குறைக்கவும் மாட்டாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் திமிரே உண்டு. அந்தத் திமிர்தான் தியெம் என்ற பெண்ணைக் கவிழ்த்தது.

தியெமை லாரியில் கடத்திவந்து, நகப்பூச்சுக் கடையின் பின்னறையில் பூட்டி வேலை வாங்கியிருந்தார்கள். போலீஸ் மீட்ட பிறகு அதிகாரி வயதைக் கேட்டார். "பதினெட்டு" என்றாள் தியெம். மொழிபெயர்க்க வந்திருந்த அக்காவும் அப்படியே சொன்னாள்.

எங்கள் கணக்கில் பிறக்கும்போதே ஒரு வயது. எங்கள் புத்தாண்டு ஒவ்வொன்றுக்கும் ஒன்று கூடும். தியெம் புத்தாண்டுக்குச் சில நாள் முன்பு பிறந்தவள், அதனால் பிறந்த சில நாளிலேயே இரண்டு வயதாகிவிட்டது. இந்த நாட்டுக் கணக்கில் அவளுக்குப் பதினாறுதான். அக்காவுக்கு இது தெரியாதா? தெரியும். விளக்கம் சொல்வது தன் வேலை இல்லை என்று இருந்துவிட்டாள்.

'வயது வந்தவள்' என்று பதிவானது. சிறுமிக்குரிய காப்பாளர் இல்லை, வளர்ப்பு வீடு இல்லை. முன்பின் தெரியாத ஆண்கள் நிறைந்த விடுதியில் போட்டார்கள். தங்கும் அனுமதியும் மறுக்கப்பட்டது.

அன்றிலிருந்து அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. பிறப்புச் சான்று கேட்டு ஊருக்கு எழுதினாள். கடத்தியவர்களுக்குப் பயந்து தியெமின் தாய் வாயே திறக்கவில்லை. வக்கீல் அலுவலகத்தில் வேலை பார்க்கும் என்னைத்தான் பிடித்து உலுக்குவாள்.

"ஏண்டி, ஊர் பதிவு ஆபீசுக்கு இன்னொரு கடிதம் போட்டா உன் கை ஒடிஞ்சா போயிடும்?"

"பதினொண்ணு போட்டாச்சுக்கா."

"பன்னெண்டாவது போடு. தப்புப் பண்ணினவ நான், அனுபவிக்கிறவ அவ."

ஒருவழியாகச் சான்று வந்தது, குடியேற்றத் துறைக்கு அனுப்பினோம். பதில் வரும்போது, அவளை மீட்டு ஒன்றே முக்கால் வருடம் ஓடிவிட்டது. ஒன்பது நாள் முன்புதான் தியெமுக்கு இவர்கள் கணக்கிலும் பதினெட்டு முடிந்திருந்தது.

எங்கள் அலுவலகத்தில் உட்கார்ந்து அக்கா தியெமுக்கு வரிவரியாகப் படித்துச் சொன்னாள். "அன்னைக்கு நீ சிறுமிதான்னு ஒத்துக்கிறாங்க. இப்ப வயசு வந்துட்டதால, சிறுமிக்கான அனுமதி தர முடியாதாம்."

தியெம் அக்கா பக்கம் திரும்பினாள்.

"அப்போ நான் சின்னப் பொண்ணா இருந்தது எப்ப, சித்தி?"

"மேல்முறையீட்டுக்குப் பதினாலு நாள் இருக்கு" என்றேன். யாரும் காதில் வாங்கவில்லை. அக்கா கடிதத்தை மேசையில் வைத்தாள்.

"இருபது வருஷமா அடுத்தவங்க சொன்னதைச் சொன்னேன். இதுக்கு மட்டும் என்னால சொல்ல முடியல கண்ணு" என்றாள்.