கீழ்வீட்டுக் கதவு

டாலிகஞ்சில் நாங்கள் குடியிருக்கும் கட்டடத்தின் மூலைத் தூண் ஒன்று மண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருக்கிறது. எனக்கு இது சந்தேகமறத் தெரியும். முப்பது வருஷம் அஸ்திவாரக் கணக்குப் போட்டே சம்பளம் வாங்கியவன் நான்.

அந்த மூலையில் முன்பு குளம் இருந்தது. உடைந்த செங்கல், கிழிந்த மெத்தை, மீன் சந்தைக் கழிவு என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் கொட்டி மூடி, அதன் மேலேயே தூணை நிறுத்திவிட்டார்கள். எல்லாத் தூண்களும் ஒரே அளவு இறங்கினால் கட்டடம் பொறுத்துக்கொள்ளும். மற்றவை கெட்டி மண்ணில் நிற்க, ஒன்று மட்டும் குப்பையில் புதைந்தால் சுவர் குறுக்கே கிழியும். காலியாகக் கிடந்த கீழ்வீட்டில் அப்படித்தான் கிழிந்தது.

விரிசலின் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டை ஒட்டி, பக்கத்தில் தேதி எழுதி வைத்தேன். விரிசல் அகன்றால் கண்ணாடி உடையும். மூன்றாவது வாரமே உடைந்தது. குடியிருப்போர் சங்கச் செயலாளரிடம் ஓடினேன். இந்த ஊரில் அண்ணனைத் தாதா என்பார்கள்.

"தாதா, மண்ணைச் சோதிக்கணும். அதுவரைக்கும் கீழே யாரையும் குடிவைக்காதீங்க."

"பூஜை வருது. அப்புறம் பாத்துக்கலாம்" என்றார் அவர்.

பூஜைக்கு வெள்ளையடிக்க வந்த ஆட்கள் கண்ணாடியைச் சுரண்டி எறிந்து, விரிசலில் புட்டிப் பசையை அப்பி, மேலே மஞ்சள் பெயிண்ட் அடித்துவிட்டுப் போனார்கள். "இப்ப விரிசல் எங்கே, காட்டுங்க!" என்று செயலாளர் சிரித்தார். பிணத்துக்குப் பவுடர் பூசின மாதிரி இருந்தது அந்தச் சுவர்.

பூஜை முடிந்த வாரம், சாந்த்ராகாச்சி ரயில்வே குவார்ட்டர்ஸிலிருந்து ஒரு தமிழ்த் தம்பதி அந்த வீட்டை வாங்கவென்று பார்க்க வந்தார்கள். செயலாளர் அவர்களை என் வாசலுக்கே கூட்டிவந்து, "இவர் எஞ்சினியர், உங்க ஊர்க்காரர், இவரையே கேளுங்க" என்றார்.

"சார், நீங்களே சொல்லுங்க. பில்டிங் ஸ்ட்ராங்தானே?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

என் வீடு அதற்கு நேர் மேலே. விற்றுவிட்டுத் தப்பித்துவிட வேண்டும் என்று தரகரிடம் ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தேன். வாயைத் திறந்தால் என் வீடும் விலை போகாது.

"நல்ல காத்தோட்டமான வீடும்மா" என்றேன்.

அவள் முகம் மலர்ந்தது. "தமிழ்க்காரர் நீங்க சொன்னா போதும் சார்."

தூ! செயலாளரை இனி எந்த வாயால் திட்டுவது? அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் இறங்கியது, அதுதான் இன்னும் அசிங்கம்.

அவர்கள் அந்த வீட்டை வாங்கிக் குடிவந்துவிட்டார்கள். இந்த மழைக்காலத்தில் மூன்றாவது தடவையாகத் தச்சர் வந்து கீழ்வீட்டு வாசல் கதவை இழைத்துக்கொண்டிருந்தார். நிலைச் சட்டம் கோணிக்கொண்டதால் கதவு சாத்த வரவில்லை. அந்தப் பெண்ணின் கணவர் படியில் நின்றபடி, "மழைக்கு மரம் ஊதிடுச்சு போல, இல்ல சார்?" என்றார்.

"ஆமாம்ப்பா, இந்த ஊர் மழை அப்படித்தான்" என்றேன்.

பிறகு தச்சரை மேலே கூப்பிட்டேன். ஞாயிற்றுக்கிழமை என் வீட்டைப் பார்க்க ஆள் வருகிறார்கள். என் கதவும் சாத்த வரவில்லை.