வட்டி இல்லாத வீடு

பெப்ரவரி, வியாழக்கிழமை, காலை ஏழரை. சுவிற்சர்லாந்தின் ஓஸ்டர்முண்டிகன் ரயில் நிலையத்தில் யோகன் அண்ணை எனக்கு முன்பே வந்து நின்றார். மருத்துவமனையில் இரவு முழுவதும் துப்புரவு வேலை. சட்டையை மட்டும் மாற்றியிருந்தார். கல்முனை முஸ்லிம் குடும்பமொன்றிலிருந்து இங்கு வந்து, இஸ்லாமிய வங்கியியலில் ஆய்வு செய்து பட்டம் பெற்ற நான் அவர் வீட்டில்தான் ஓர் அறையில் குடியிருக்கிறேன்.

அக்குடும்பம் பதினாறு ஆண்டுகளாக வாழும் கட்டடத்தை, வளைகுடா வங்கியொன்றின் பணத்தை ஜெனீவாவிலிருந்து முதலிடும் நிதியம் ஒன்று வாங்கியிருக்கிறது. குளிர் கசியும் சுவர்களையும் சன்னல்களையும் மாற்றிச் சூழலுக்கு உகந்ததாக்கப் போகிறார்களாம். அதற்காக, குடியிருப்போர் அனைவரும் கோடை முடிவதற்குள் வெளியேற வேண்டும். நாங்கள் கேட்கப் புறப்பட்டது ஒன்றுதான்: மாடி மாடியாகத் திருத்துங்கள், ஆட்கள் இருந்துகொள்ளட்டும்.

பேர்ணில் ஜெனீவா ரயிலுக்கு மாறினோம். நூற்று அறுபது கிலோமீற்றர் அளவு தூரம். ஒன்றே முக்கால் மணி நேரம். அரைக்கட்டண அட்டையோடு ஆளுக்கு இருபத்தாறு பிராங் சில்லறை.

"உங்கட ஆக்களின்ர வங்கிதானே தம்பி," என்றார் அண்ணை. "வட்டி வேண்டாம் எண்டிறவை வாடகையும் வேண்டாம் எண்டு சொல்ல மாட்டினமோ?"

"வட்டி எடுக்க ஏலாததாலதான் அண்ணை வாடகையில சம்பாதிக்கிறாங்க."

"அப்ப எங்களுக்கு ரெண்டும் ஒண்டுதான்!" சிரித்துவிட்டு, அதிகாரியிடம் சொல்லவேண்டிய ஜெர்மன் வாக்கியங்களை முணுமுணுக்கத் தொடங்கினார். ஜெனீவாவில் பிரெஞ்சு என்று நினைவூட்டினேன். "எண்டாலும் சொல்லிப் பாக்கிறன். வாய் சும்மா கிடக்கக் கூடாது."

லௌசானுக்குச் சற்று முன்பு சுரங்கத்தை விட்டு ரயில் வெளியேறியதும், திராட்சைச் சரிவுகளுக்குக் கீழே ஜெனீவா ஏரி முழுவதும் ஒரேயடியாகத் திறந்தது. பெட்டியில் இருந்தவர்கள் தொலைபேசிகளை உயர்த்தினார்கள். அண்ணை உறங்கியிருந்தார். எழுப்ப மனம் வரவில்லை.

நிதியத்தின் அலுவலகம் ரோன் ஆற்றங்கரையில், நிலையத்திலிருந்து பத்து நிமிட நடை. பொறுப்பாளரான பெண்மணி பேரீச்சம்பழமும் தேநீரும் தந்து, ஆங்கிலத்தில் பொறுமையாகப் பேசினார். கொடியவராக இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். ஆட்கள் இருக்கையில் வேலை செய்தால் செலவும் காலமும் கூடும், முதலீட்டாளரின் வருவாய் குறையும் என்றார். திருத்திய பின் பழையவர்கள் திரும்பி வரலாமா என்று கேட்டேன். புதிய வாடகைக்கு யாரும் விண்ணப்பிக்கலாம் என்றார்.

"வங்கியின் மார்க்க அறிஞர்களின் குழு இதை ஏற்றதா?"

"முழுமையாக ஆராய்ந்தார்கள். கீழ்த்தளத்தில் மதுக்கடை இருந்தது. அதை மூடிய பிறகே ஒப்புதல் தந்தார்கள்."

அந்தக் கடை மூடப்பட்ட வாரம் எனக்கு நினைவிருக்கிறது. கூச்சல் ஓய்ந்தது என்று அண்ணையின் மனைவி கலா அக்கா மாடியெங்கும் வடை கொடுத்தார். புதிய முதலாளி நல்லவர் என்று அன்று எல்லோரும் பேசிக்கொண்டோம். கடையைப் பற்றிக் கேட்ட குழு, மேலே வசித்தவர்களைப் பற்றிக் கேட்கவில்லை.

சமூகத்தையும் சூழலையும் பேணும் இஸ்லாமிய வங்கி அதனால் இலாபம் இழப்பதில்லை என்பதே என் ஆய்வின் முடிவு. குடியிருப்போருக்குச் சாதகமாக அதைச் சொன்னபோது பெண்மணியின் முகம் மலர்ந்தது.

"எங்கள் அனுபவமும் அதுதான். உங்கள் கட்டடமே சான்று. ஆய்வை எனக்கு அனுப்புவீர்களா?"

அண்ணை என் முழங்கையைத் தொட்டார். "என்னவாம்?"

"ஏலாதாம், அண்ணை."

அவர் எழுந்து நின்று, ஒத்திகை பார்த்த ஜெர்மன் வாக்கியங்களை ஒன்றும் விடாமல் சொல்லி முடித்தார். பெண்மணி புரியாமல், மரியாதையாகத் தலையசைத்தார்.

திரும்பும் வழியில் ஏரி எப்போது மறைந்தது என்பதை நான் கவனிக்கவில்லை. எங்கள் ஊரில் வட்டிக்காரன் வந்தால் தெரு முழுவதற்கும் தெரியும். ஒருவராவது வாசலில் நின்று ஏசுவார். இங்கே ஏச ஆளில்லை. வட்டி இல்லை, மது இல்லை, புகை குறைகிறது, இலாபம் கூடுகிறது. என் ஆய்வின் அட்டவணைகளில் இந்தக் கட்டடம் மதிப்பெண் இழக்கும் இடம் ஒன்றுகூட இல்லை.

மாலை வீடு சேர்ந்தபோது, கலா அக்கா சன்னல் இடுக்கில் பழைய துணியைத் திணித்துக்கொண்டிருந்தார்.

"என்னவாம்?"

அண்ணை சப்பாத்தைக் கழற்றினார். "வீட்டை வடிவாத் திருத்தப் போயினமாம். இனிக் குளிராதாம்."

"ஆருக்கு?" என்றார் அக்கா.

அடுத்த சன்னலுக்கும் துணி எடுத்தார்.