பச்சை மையில் அடித்த ஒரு வரி

நான் அப்போது மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் கணக்கு அதிகாரி. பச்சை மையில் கையெழுத்திடும் தகுதி எனக்கு இருந்தது. இயற்பியலில் முதல் வகுப்பில் தேறியவன். துறைத் தேர்வுகளை முதல் முயற்சியிலேயே முடித்தவன். கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் தெருவில் சான்றிதழ் நகலுக்குக் கையொப்பம் வேண்டுவோர் என் வீட்டு வாசலில்தான் வந்து நிற்பார்கள். இதையெல்லாம் பெருமைக்காகச் சொல்லவில்லை. பின்னால் நடந்ததற்கு இந்த நிலையே காரணமாக இருந்தது என்பதால் முதலில் சொல்லிவைக்கிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். தாம்பரத்திலிருந்து கடற்கரைக்குச் செல்லும் மின்சார ரயிலில் ஒவ்வொரு பெட்டியிலும் வழக்கமானவர்கள் ஒரு கூட்டமாக அமர்வார்கள். வண்டி தாம்பரத்திலேயே புறப்படுவதால் எங்களுக்கு இடம் உறுதி. எதிர்ப்பக்கத்து இருக்கைக்காரர்கள் முழங்கால்களின்மேல் துண்டை விரித்துச் சீட்டாடுவார்கள். எங்கள் பக்கத்தில் என் ப்ரீஃப்கேஸைப் படுக்கவைத்து அதன்மேல் பாடக் கணக்குகளைப் போடுவோம். வேலைக்குப் போய்க்கொண்டே தபால்வழியில் பட்டம் படித்தவர்கள் அந்நாளில் அந்த வழித்தடம் முழுவதும் இருந்தார்கள். சீட்டாட்டக்காரர்கள் எங்களை 'டியூஷன் செட்டு' என்பார்கள். தாம்பரத்தில் எடுத்த கணக்கைக் கிண்டிக்குள் முடித்துவிட வேண்டும் என்பது எங்கள் வழக்கம். கிண்டியில் கூட்டம் ஏறிவிட்டால் முழங்கையை அசைக்க முடியாது. கிண்டி வருவதற்குமுன் நான் விடையைப் பார்த்துப் பச்சை மையில் ஒரு 'டிக்' போடுவேன். போட்டுவிட்டால் அதற்குமேல் யாரும் பேசுவதில்லை.

அந்தக் கூட்டத்தில் இருவரைப் பற்றி மட்டும் சொல்ல வேண்டும். ஒருவர் துறைமுகத்துக்கு அருகில் ஒரு தனியார் கம்பெனியில் தட்டச்சு செய்துவந்த பெண்மணி. முப்பதைக் கடந்தவர். பள்ளி இறுதி முடித்ததும் வேலைக்கு வந்துவிட்டவர். அப்போதுதான் பட்டப் படிப்பில் சேர்ந்திருந்தார். இன்னொருவர் அதே கம்பெனியின் கணக்குப் பிரிவில் இருந்த பி.காம். பட்டதாரி, முடிச்சூர்க்காரர். எங்கள் பெட்டியின் சிரிப்புச் சத்தத்துக்குப் பெரும்பாலும் அவரே பொறுப்பு.

அந்தப் பெண்மணியின் படிப்பு ஒரு விசித்திரமான கலவை. அறிவியலும் சமூக அறிவியலும் கட்டாயம். அதன்மேல் வணிகம், கணினி. கணினிக்குக் காரணம் இருந்தது. அவருடைய கம்பெனியில் கணினிப் பிரிவு ஒன்றைத் தொடங்கப்போகிறார்கள். புரோகிராமிங் செய்முறைத் தேர்வில் தேறிய தட்டச்சருக்கு அங்கே இடம் தருவதாக மேலாளர் சொல்லியிருந்தார். தேறாதவர்கள் தட்டச்சுப் பொறியோடு நிற்க வேண்டியதுதான்.

"அக்கா, நீ கம்ப்யூட்டர் ரூமுக்குப் போய்ட்டா ஏசியில ஒக்காந்துகினு எங்களயெல்லாம் மறந்துடுவ" என்பார் முடிச்சூர்க்காரர்.

"உன்ன மறக்கறதுக்குத்தான்டா படிக்கறேன்" என்பார் அவர்.

சமூக அறிவியலில் குடும்ப வருமானத்தில் பெண்களின் பங்கு பற்றி ஒரு கட்டுரை கேட்டிருந்தார்கள். நான் ஒரு வரையறையைச் சொல்லத் தொடங்கினேன். முடிச்சூர்க்காரர் குறுக்கிட்டார். "இன்னாத்துக்கு சார் வரையறை? கோவளத்துலேர்ந்து மீன் கூடை எடுத்துகினு வர்ற அக்காங்க மார்க்கெட்டாண்டயே கீறாங்க. கேட்டா போச்சு." அந்தப் பெண்மணி அப்படியே போய்க் கேட்டுவந்தார். வீட்டில் யார் கையில் காசு நிற்கிறது, யார் கேட்டு வாங்குகிறார்கள் என்று அந்தப் பெண்கள் சொன்னதை உள்ளபடி எழுதினார். அதில் நான் திருத்துவதற்கு ஒன்றும் இருக்கவில்லை. அவருடைய அறிவை நான் அறியாதவனல்லன் என்பதற்காகவே இதைக் குறிப்பிடுகிறேன்.

இயற்பியலில்தான் என் புகழ் உச்சிக்குப் போயிற்று. ஓடும் ரயில் பிரேக் போட்டபின் எவ்வளவு தூரம் சென்று நிற்கும் என்பது கணக்கு. எத்தனை முறை போட்டாலும் பாடநூலின் விடை அவருக்கு வரவில்லை. நான் வாங்கிப் பார்த்தேன். பாடநூலில் பாதியாக்க மறந்து, இரட்டிப்புத் தூரத்தை அச்சிட்டிருந்தார்கள்.

"நூல் தவறு. நீங்கள் போட்டதுதான் சரி" என்றேன்.

"புக்கே தப்பா இருக்குமா சார்?"

"அச்சிடுபவனும் மனிதன்தானே அம்மா."

அவர் கல்வி நிறுவனத்துக்கு எழுதிப்போட்டார். சில வாரங்களில் எல்லா மாணவர்களுக்கும் பிழைதிருத்தச் சீட்டு வந்தது. அன்று சீட்டாட்டக்காரர்கள்கூட ஆட்டத்தை நிறுத்திவிட்டு அந்தச் சீட்டைக் கைமாற்றிப் பார்த்தார்கள். அந்த மகிழ்ச்சியை நான் மறைக்கவில்லை. மறைத்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

அதற்குப் பிறகுதான் புரோகிராமிங் வந்தது. செய்முறைத் தேர்வுக்குமுன் மாணவர்கள் கணினியைத் தொடுவது அந்நாளில் அரிது. எல்லாவற்றையும் தாளில்தான் எழுதிப் பழக வேண்டும். தேர்வன்று அதையே கணினியில் அடிக்க வேண்டும். ஓர் இயந்திரத்தின் மதிப்பு தேய்மானத்தால் ஆண்டுதோறும் குறைந்துவருவதை, பத்து ஆண்டுகளுக்கு, வரிசையாகத் திரையில் அச்சிட வேண்டும். தேய்மானம் என்னும் சொல்லைக் கண்டதும் இது என் எல்லைக்குட்பட்டது என்று எண்ணிவிட்டேன். நான் அதுவரை கணினியை ஒரு விளம்பரத்தில்தான் பார்த்திருந்தேன்.

அவர் எழுதியதைப் படித்தேன். ஆண்டுக்கு X என்று பெயரிட்டிருந்தார். தொடக்கத்தில் X = 1. பிறகு கணக்கு. பிறகு அச்சு. அடுத்த வரி: X = X + 1.

"இது என்ன அம்மா?"

"அடுத்த வருஷத்துக்குப் போறதுக்கு சார்."

"ஓர் எண் தன்னைவிட ஒன்று கூடுதலான எண்ணுக்கு எப்படிச் சமமாகும்? இரண்டு பக்கமும் X-ஐ நீக்குங்கள். சுழி சமம் ஒன்று என்று வருகிறது. பள்ளி மாணவன்கூட இதை எழுத மாட்டான்."

சீட்டாட்டப் பக்கத்தில் யாரோ சிரித்தார்கள். அவர் முகம் சிவந்தது. இருந்தாலும் விடவில்லை. "புக்ல இப்படித்தான் சார் போட்டிருக்கு."

"இவர்கள் பாடநூல்களின் இலட்சணம்தான் நமக்குத் தெரியுமே" என்றேன். முடிச்சூர்க்காரர் கைதட்டினார். பரங்கிமலையில் வண்டி நின்றிருந்தது. நான் பேனாவைத் திறந்து அந்த வரியைப் பச்சை மையில் அடித்துவிட்டு, அதன்மேல் Y = X + 1 என்று எழுதினேன். கிண்டிக்குமுன் 'டிக்' போட்டேன்.

தேர்வு முடிந்த மறுநாள் அவர் வழக்கம்போல் வந்து அமர்ந்தார். ஒருவரும் கேட்பதற்குமுன் தானே சொன்னார். "போச்சு சார். ரன் பண்ணினதும் மொதல் வருஷம் வந்துது. அப்பறமும் மொதல் வருஷம். திரை பூரா மொதல் வருஷமா ஓடிட்டே இருக்கு. நிக்கவே இல்ல. கடைசில அங்க இருந்த சார் வந்து ஸ்விட்ச ஆஃப் பண்ணினாரு. 'X-ஐ ஏத்தவே இல்லையேம்மா, X = X + 1-னு ஒரு வரி எங்க'ன்னு கேட்டாரு."

"நீ இன்னா சொன்ன?" என்றார் முடிச்சூர்க்காரர்.

"ஒண்ணும் சொல்லல."

பல்லாவரம் தாண்டுவதற்குள் எனக்கு விளங்கிவிட்டது. கணினிக்கு அது சமன்பாடு அன்று, கட்டளை. இருப்பதோடு ஒன்றைக் கூட்டி அதே இடத்தில் வை என்னும் கட்டளை. நான் எழுதிய வரியில் கூட்டல் நடந்தது, ஆனால் விடை வேறிடத்துக்குப் போயிற்று. X அசையவே இல்லை; அது பத்தைத் தாண்டினால்தான் நிற்க வேண்டிய ஓட்டம் முதல் ஆண்டிலேயே சுற்றிக்கொண்டிருந்தது.

நான் மௌனமாக இருந்துவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அன்றே, அந்தப் பெட்டியிலேயே பேசினேன். எழுந்து நின்று பேசினேன். "இந்தத் தோல்விக்கு நான் பொறுப்பேற்றுக்கொள்கிறேன்" என்றேன்.

அந்தச் சொற்களை இன்று நினைத்தால் நாணமாக இருக்கிறது. ஊழியர் செய்த பிழைக்கு அதிகாரிகள் பொறுப்பேற்கும்போது சொல்லும் சொற்கள் அவை. அலுவலகத்தில் பலமுறை சொல்லிப் பழகியவை. பெட்டியில் இருந்தவர்கள் அவற்றை அப்படியே புரிந்துகொண்டார்கள்.

"இதுதான் சார் பெரிய மனுசத்தனம்ன்றது. அக்கா பரீச்சையில கோட்ட வுட்டதுக்கு இவர் இன்னா பண்ணுவாரு? ஆனாலும் தன் தலமேல போட்டுகினாரு பாரு" என்றார் முடிச்சூர்க்காரர். சிலர் ஆமோதித்தார்கள். அந்தப் பெண்மணி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

கடற்கரை நிலையத்தில் இறங்கியபின், நடைமேடையில் என்னை நிறுத்தினார். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

"பொறுப்பெல்லாம் வேணாம் சார். புக்கையும் பார்த்தேன், உங்களையும் பார்த்தேன், உங்கள நம்பினேன். அது என்னோட பொறுப்பு. ஆனா என் வரி சரின்னு ஒரு வார்த்தை அவங்ககிட்ட சொல்லிடுங்க. எங்க ஆபீஸ் ஆளு ஒருத்தன் அங்க உக்காந்திருக்கான்."

"சொல்கிறேன் அம்மா" என்றேன்.

மறுநாள் தாம்பரத்தில் ஏறியபோது சொல்லும் எண்ணத்துடன்தான் ஏறினேன். "நேற்றுப் பேசியது பற்றி. அந்த வரி..." என்று தொடங்கினேன்.

"வுடுங்க சார். அக்காவுக்கு வராத சப்ஜெக்ட்டுக்கு நீங்க இன்னா பேஜார் பட்டுகினு கீறீங்க" என்று முடிச்சூர்க்காரர் என் கையைப் பிடித்து உட்காரவைத்தார். அன்பினால்தான் செய்தார். நான் உட்கார்ந்தேன். மீண்டும் எழுந்திருக்க முடியாதபடி யாரும் என்னைக் கட்டிவைக்கவில்லை. 'உங்கள் முன்னிலையில் நான் அந்த வரியை நகையாடினேனே, அது என் அறியாமை' என்று சொல்லியிருந்தால் போதும். சானடோரியத்தில் சொல்லலாம் என்று நினைத்தேன், பிறகு குரோம்பேட்டையில். பிறகு கிண்டி வந்துவிட்டது. அந்தப் பெண்மணி ப்ரீஃப்கேஸின்மேல் இருந்த தன் தாள்களை எடுத்து மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அதன் விளைவு எனக்குச் சில வாரங்கள் கழித்தே தெரியவந்தது. அவருடைய மேலாளர் நல்லவர் போலும். கணினிப் பிரிவில் ஓர் இடத்தை, அந்தப் பெண்மணி அடுத்த தேர்வை எழுதும்வரை காலியாக வைத்திருக்கலாமா என்று யோசித்திருக்கிறார். தினமும் அவரோடு ரயிலில் வருபவர் என்பதால் முடிச்சூர்க்காரரை அழைத்துக் கேட்டிருக்கிறார். அதை முடிச்சூர்க்காரரே எங்களிடம் வெள்ளந்தியாகச் சொன்னார், அன்று அந்தப் பெண்மணி விடுப்பில் இருந்தார்.

"இருக்கறத சொன்னேன் சார். டைப்பிங்ல அக்காவ அடிச்சிக்க ஆள் கெடையாது, ஆனா கம்ப்யூட்டர் வராதுன்னேன். பாவம், அங்க போய் திட்டு வாங்கிகினு கஷ்டப்படக் கூடாதில்ல?"

அவருக்கு அக்காவிடம் உண்மையான பாசம் உண்டு. அவரிடம் நான் என்ன சொல்லியிருந்தேனோ அதை வைத்துத்தான் அவர் பதில் சொன்னார். அந்த இடத்துக்கு வெளியாள் ஒருவரை எடுத்துவிட்டார்கள்.

அந்தப் பெண்மணி அடுத்த தேர்வில் தேறினார். பட்டமும் பெற்றார். தன் தாளை என்னிடம் காட்டாமல் தேறினார். தட்டச்சுப் பொறிகளை அகற்றியபோது அவரைத் தபால் அனுப்பும் பிரிவுக்கு மாற்றினார்கள் என்று கேள்விப்பட்டேன். ரயிலில் என்னைக் கண்டால் வணக்கம் சொல்வதை மட்டும் நிறுத்தவில்லை. பிறர் என்னிடம் கணக்கோடு வந்தார்கள். நானும் பார்த்துச் சொன்னேன். பேனாவில் மட்டும் நீல மையை நிரப்பிக்கொண்டேன். அதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

தொண்ணூறுகளின் இறுதியில் நான் பணி ஓய்வு பெற்றேன். கடைசி நாள் பயணத்தில் பெட்டி முழுவதும் காகிதத் தோரணம் கட்டியிருந்தார்கள். மீனம்பாக்கம் தாண்டியதும் முடிச்சூர்க்காரர் எனக்குச் சால்வை போர்த்திவிட்டுப் பேசினார். மீசை நரைத்திருந்தது, குரல் மாறவில்லை.

"சாரு பிசிக்ஸ்ல புக்கையே திருத்தினவரு. அது பெரிசில்ல. நம்ம அக்கா ஒரு தபா கணக்கத் தப்பா போட்டு ஃபெயிலானப்ப, எந்திரிச்சு நின்னு, நான்தான் காரணம்னாரு பாரு, அதான் பெரிசு. எந்த ஆபீசர் சொல்லுவான்?"

கைதட்டினார்கள். அந்தப் பெண்மணி மைசூர்பாகுத் தட்டை ஏந்தி ஒவ்வொருவராகக் கொடுத்து வந்துகொண்டிருந்தார். என்னிடம் வந்தபோது தட்டை நீட்டி, என் முகத்தைப் பார்த்தபடி நின்றார். பேச்சுக்கு நன்றி கூறவேண்டிய முறை என்னுடையது. எல்லோரும் காத்திருந்தார்கள்.

"எடுத்துக்கோங்க சார்" என்றார் அவர்.

எடுத்துக்கொண்டேன். கிண்டி வந்தது. கூட்டம் ஏறிற்று. சால்வையோடு ஓரமாக நகர்ந்து நின்றேன். அவருடைய தட்டு கூட்டத்துக்கு மேலே சிறிது தூரம் தெரிந்தது.

அந்தப் பேச்சு இப்போதும் தாம்பரத்தில் சொல்லப்படுகிறது. சேலையூரில் ஒரு திருமணத்தில், என்னை அறியாத ஒருவர் அதை என்னிடமே சொன்னார். ஆகவே எழுதுகிறேன். அந்தப் பெண்மணி கணக்கைத் தவறாகப் போட்டார் என்பதும், நான் பெருந்தன்மையால் பழியை ஏற்றேன் என்பதும் உண்மையல்ல. அவர் எழுதிய வரி X = X + 1. அது சரி. அதை அடித்தவன் நான்.