நெய் செரித்த நாள்

நான் சோறு தின்னாத குழந்தை இல்லை. மல்லசமுத்திரத்தில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் முன்னால் தட்டோடு உட்காருவது நான்தான். ஆனாலும் பள்ளிப் பாவாடை இடுப்பில் நிற்காது. ஊக்குக் குத்தித்தான் அனுப்புவார்கள். அத்தைக்கு அது மானப் பிரச்சினை. பருப்புச் சோற்றில் குழி பறித்து நெய்யை ஊற்றுவாள். தொண்டையில் சோறு சிக்கியிருக்கும் என்று புதுச்சத்திரம் பக்கம் கூட்டிப்போய்த் தொக்கமும் எடுத்துப் பார்த்தார்கள். எடை இறங்கிக்கொண்டேதான் போனது.

அம்மாவுக்கு மட்டும் ஒன்று தெரியும். நான் கக்கூஸுக்குப் போய் வந்தால் பின்னாலேயே போய் எட்டிப் பார்ப்பாள். எண்ணெய்ப் படலம் மிதக்கும்; வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினாலும் போகாது. நான் ஒழுங்காகத் தண்ணீர் ஊற்றினேனா என்று வேவு பார்க்கிறாள் என நினைத்து எனக்குக் கோபமான கோபம்.

சேலத்து டாக்டர், "வெளிக்கு எப்படிப் போகுது?" என்று கேட்டபோது அம்மா அப்பாவை ஒருமுறை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். ஆம்பளைகள் முன்னால் அதைப் பேசும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. நான்தான் சொன்னேன்: "அத்தை ஊத்துன நெய்யெல்லாம் மேல மெதக்குதுங்க." அம்மா தொடையில் கிள்ளினாள். டாக்டர் பேனாவை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

நெய்யும் எண்ணெயும் கொழுப்பு அமிலங்கள் கிளிசராலோடு எஸ்டராகப் பிணைந்து கிடப்பவை. கணையத்தில் சுரக்கும் லைப்பேஸ் என்ற நொதி அந்தப் பிணைப்பை வெட்டிப் போட்டால்தான் குடல் உறிஞ்சும். என் கணையம் அதைச் சரியாகச் சுரக்கவில்லை. இதெல்லாம் பின்னாளில் படித்துத் தெரிந்துகொண்டது. அன்று டாக்டர் சொன்னது இவ்வளவுதான்: "நெய்யை வெட்டற கத்தி புள்ள வயித்துல இல்லீங்க. கேப்சூல்ல தர்றேன். சாப்பாட்டோட குடுங்க."

எங்கள் பக்கத்தில் மாத்திரை என்றால் சாப்பிட்டுக் கை கழுவி, சற்று உட்கார்ந்த பிறகுதான். அம்மாவும் அப்படியே கொடுத்தாள். படலமும் அப்படியே மிதந்தது. "இதுவும் கேக்கலீங்களே" என்று ஃபோனில் அழுதாள்.

"சோறு போனதுக்கப்புறம் கத்தி போனா எப்படீங்க வெட்டும்? மொத வாயோட குடுங்க" என்றார் டாக்டர்.

சில நாள் கழித்து ஒரு காலை, வழக்கம்போல எட்டிப் பார்த்தாள். எதுவும் மிதக்கவில்லை. ஈரத் தரை என்றும் பாராமல் அங்கேயே உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். நான் பயந்துபோய், "இனிமே நெய் கேக்க மாட்டேம்மா" என்றேன்.

"கேளு சாமி, எத்தனை வேணும்னாலும் கேளு" என்று இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள்.

அப்பாடா, திட்டு விழவில்லை. எனக்கு அவ்வளவுதான் புரிந்தது. அத்தனை மாதமும் நான் பிழைப்பேனா என்றுதான் அவள் அங்கே பார்த்துக்கொண்டிருந்தாள் என்பது புரியவில்லை.