உப்பு இறங்கிய வாரம்

கீழ்க்கட்டளையில் நாங்கள் மாடி வீட்டுக்குக் குடிவந்தபோது சுற்றிலும் வீடுகளைவிட மனைக்கற்கள்தான் அதிகம். மாடியை எங்களுக்கு வாடகைக்கு விட்டுக் கீழே குடியிருந்த வீட்டுக்காரருக்கு அத்தனையும் ஒருகாலத்தில் கழனி. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அவருடைய மகன் அதை மனை போட்டு விற்றார். அப்பாவும் மகனும் அதைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை.

நான் தாம்பரத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் பதினோராம் வகுப்புக்கு உயிரியல் எடுத்துக்கொண்டிருந்தேன். தெருவில் யாருக்காவது காய்ச்சல் என்றால் மாடியைப் பார்த்து "டீச்சர்" என்று குரல் வரும். தவளையை அறுக்கிறவளுக்கு மனுஷ உடம்பும் தெரிந்திருக்கும் என்று நினைத்தார்கள். நானும் மறுத்ததில்லை.

ஒரு கோடையின் கடைசியில் வீட்டுக்காரருக்கு ரத்தக் கொதிப்பு என்றார்கள். நீர் பிரிவதற்கு ஒரு மாத்திரை கொடுத்து, உப்பைக் குறைத்துக்கொள்ளச் சொன்னார் டாக்டர். எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாத மனிதர் அவர். உப்பை அடியோடு விட்டுவிட்டார். சோறு, குழம்பு, மோர் எதிலும் ஒரு கல் உப்பு கிடையாது. மாடிப்படியில் என்னை நிறுத்தி, "வேற இன்னா பண்ணலாம் டீச்சர்?" என்று கேட்டார்.

"தண்ணி நெறைய குடிங்க ஐயா. வெயில் காலம் வேற" என்றேன்.

அன்றிலிருந்து ஒரு சொம்பு அவர் கையை விட்டுப் போகவில்லை. காலையிலிருந்து சாயங்காலம் வரை குடித்துக்கொண்டே இருந்தார்.

இரண்டு மூன்று வாரம் கழித்துத் தலைவலி என்றார். சாப்பிட்டது வாந்தியாக வந்தது. நடை தள்ளாடியது. வெயில்தான் காரணம் என்று நினைத்தோம். பிறகு ஒரு காலை, நான் பல்லாவரம் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது தெருக்கோடியில் அவர் கத்துவது கேட்டது. ஓடிப் போனேன். மரக்கடை வைத்திருந்த ஒரு முஸ்லிம் குடும்பம் புதிதாகக் கட்டியிருந்த வீட்டின் வாசலில், பனியனோடு நின்றிருந்தார்.

"யாரும்மா நீ? என் கழனில இன்னா பண்ணிக்கினு கீற? மடையத் தொறந்து வுடச் சொல்லு. நாத்து காயுது!"

அந்த வீட்டு அம்மா பதறவில்லை. ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டு, "உக்காருங்க பெரியவரே, சொல்லி அனுப்பறேன்" என்றார். மகன் வந்து தோளைத் தொட்டதும் வீட்டுக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"யாரக் கேட்டுடா வித்த?"

மகனின் முகம் வெளுத்துவிட்டது. அந்தக் கேள்விக்காகத்தான் அவர் வருடக்கணக்காகப் பயந்திருந்தார் போல. அப்பாவைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு வந்தார்.

தெரு முழுக்க ஒரே பேச்சு. மனசுலயே வெச்சுக்கினு இருந்தாரு, இப்ப வெடிச்சிடுச்சு என்றார்கள். மந்திரிக்க வேண்டும் என்றார் ஒருவர்; மனநல ஆஸ்பத்திரிதான் சரி என்றார் இன்னொருவர். மருமகள் திருநீர்மலைக் கோயிலுக்கு வேண்டிக்கொண்டு மஞ்சள் துணியில் காசு முடிந்தாள். நானும் தெருவோடு சேர்ந்துதான் நம்பினேன். நிலத்தை இழந்த மனிதன் புத்தி பேதலித்துப் போனான் என்பது நம்புவதற்கு எவ்வளவு பொருத்தமாக இருந்தது!

மகன் சாப்பிடவே இல்லை. "நான்தான் டீச்சர் எங்க நைனாவ இப்படி ஆக்கிட்டேன்" என்றார்.

மறுநாள் பகலில் அவரை எழுப்பினால் கண்ணைத் திறந்து உடனே மூடிக்கொண்டார். டம்ளரைக் கையில் கொடுத்தால் நழுவியது. ஆட்டோ பிடித்து, குரோம்பேட்டையில் ஒரு சின்ன நர்ஸிங் ஹோமுக்குக் கொண்டுபோனோம். அங்கே இருந்த டாக்டர் ஒரு இளம்பெண். கழனிக் கதையை மகன் ஆரம்பித்தார். டாக்டர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"என்ன மாத்திரை சாப்பிடறார்? சாப்பாடு எப்படி?"

"உப்பே சேக்கறதில்ல டாக்டர்" என்றாள் மருமகள், பெருமையாக.

"தண்ணி?"

"அது எந்நேரமும் குடிச்சிக்கினேதான் இருப்பாரு."

டாக்டர் ரத்தம் எடுத்து அனுப்பினார். சாயங்காலம் முடிவு வந்தது. எங்களை உள்ளே கூப்பிட்டார்.

"சோடியம் ரொம்ப இறங்கிடுச்சு. அதாவது ரத்தத்துல இருக்கற உப்பு. வெளியில உப்பு குறைஞ்சா தண்ணி செல்லுக்குள்ள போகும். மூளையில இருக்கற செல் எல்லாம் தண்ணிய இழுத்து வீங்கியிருக்கு. அதான் இந்தக் குழப்பமும் மயக்கமும்."

அந்த வாரம்தான் உருளைக்கிழங்கைக் குடைந்து சர்க்கரைக் கரைசல் ஊற்றி, தண்ணீரில் நிறுத்தி, குழிக்குள் மட்டம் ஏறுவதை மாணவிகளுக்குக் காட்டியிருந்தேன். கரைசல் அடர்த்தியாக இருக்கும் பக்கத்துக்குச் சவ்வு வழியாகத் தண்ணீர் போகும் என்று வருடா வருடம் கரும்பலகையில் எழுதுகிறவள் நான். ஒரு மனிதர் என் கண் முன்னால் உப்பை விட்டுவிட்டுச் சொம்பு சொம்பாகக் குடித்தபோது எனக்கு எதுவுமே தோன்றவில்லை.

மகன் கேட்டார்: "அப்போ... நெலத்த வித்ததால இல்லியா டாக்டர்?"

"நிலமா? எந்த நிலம்?"

"உப்புதானா?"

"உப்புதான்."

"வெறும் உப்புதானா?"

டாக்டர் சிரித்துவிட்டார். "வெறும் உப்புன்னு லேசா சொல்லாதீங்க. சரியாயிடும். ஆனா மெதுவாத்தான் ஏத்தணும்."

"சீக்கிரம் ஏத்துங்களேன் டாக்டர்."

"கூடாது. அவசரப்பட்டா உள்ள இருக்கற தண்ணி சட்டுனு வெளிய வந்து செல்லெல்லாம் சுருங்கிடும். அது இதைவிட ஆபத்து. ரெண்டு மூணு நாள் பொறுத்துக்குங்க."

அவர்கள் வெளியே போன பிறகு நான் தயங்கி நின்றேன். "தண்ணி நெறைய குடிக்கச் சொன்னது நான்தான் டாக்டர்."

"வெயில் காலத்துல எல்லாரும் சொல்றதுதானே மேடம். அந்த மாத்திரை, உப்பில்லாத சாப்பாடு, அதுக்கு மேல தண்ணி. மூணும் சேர்ந்துடுச்சு. மாத்திரைய நிறுத்திட்டேன்" என்றார். பிறகு, "ஆனா இனிமே வைத்தியம் சொல்லாதீங்க" என்றார். சரி என்றேன்.

ஊசி வழியாக உப்புநீர் சொட்டுச் சொட்டாக இறங்கியது. மகன் அந்தச் சொட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இரண்டாம் நாள் வீட்டுக்காரர் மருமகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். மூன்றாம் நாள் காலை நான் போனபோது தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"இன்னா டீச்சர், ஸ்கூல் இல்லியா இன்னிக்கு?"

மகன் கட்டிலின் ஓரத்துக்கு வந்தார். அந்தக் கேள்வியைக் கேட்காமல் அவரால் இருக்க முடியவில்லை. "நைனா, கழனிய யாரக் கேட்டு வித்தன்னு கேட்டியே, ஞாபகம் கீதா?"

"நானா? எப்போ?" என்றார் அவர். "நான் எதுக்குடா கேக்கப் போறேன்? நான்தானே கையெழுத்துப் போட்டேன். ஏரில தண்ணி இல்ல, மடை தூந்து போச்சி. காஞ்ச கழனிய வெச்சிக்கினு இன்னா பண்றது? நீ நல்ல வேலதான் பண்ண." பிறகு மருமகளைப் பார்த்து, "பசிக்குது. இட்லி வாங்கியாரச் சொல்லு" என்றார்.

மகன் தாழ்வாரத்துக்குப் போய்விட்டார். கொஞ்ச நேரம் கழித்து மருமகளும் நானும் எட்டிப் பார்த்தோம். அழுதுகொண்டிருப்பார் என்று நினைத்தேன். சுவரோரம் கிடந்த பெஞ்சில் செருப்பைக்கூடக் கழற்றாமல் படுத்து, வாயைத் திறந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். பெருக்க வந்த ஆயா அவரை எழுப்பப் போனாள்.

"வுடும்மா, தூங்கட்டும்" என்றாள் மருமகள். ஆயா அந்தப் பெஞ்சைச் சுற்றிப் பெருக்கிக்கொண்டு போனாள்.